அப்பா நடந்த சவுக்குக் கழிகள்

கீமேன் அப்பா. ரயில்வே கேங்கில் எல்லாரும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். உன் சொந்தப் பேர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. நானும் அப்படியே கூப்பிட்டு ஆரம்பிக்கிறேன். உன் காரியத்தன்று நடு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசினது உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நான் அடுப்பண்டை சாம்பார் கிளறிக்கொண்டிருந்தேன்.

"பெரிய பொண்ணு இல்லன்னா அந்த மனுஷன் எப்பவோ படுத்திருப்பாரு. அவதான் நடக்க வெச்சா."

"ஆமா, திண்டிவனத்துக்குப் போயி வந்தப்புறம்தான் ஆளே மாறினாரு."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சாம்பாரில் உப்பு போதவில்லை என்று வந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் இனிமேல் 'அவர்' என்று எழுதுகிறேன். நான் மூணாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா விழுப்புரத்திலிருந்து முண்டியம்பாக்கம் போகிற லைனில் கீமேன் வேலை பார்த்தார். விடிந்ததும் தோளில் பெரிய சுத்தியைப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தின் நடுவே நடப்பார். தண்டவாளத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆப்பு எங்கேயாவது தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவார். கீழே ஜல்லி. அதில் கால் வைத்தால் பிரண்டுவிடும். அதனால் தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் சிலீப்பர் கட்டை மேலேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்துப் போவார். வருஷக்கணக்காகத் தினமும் அதே நடை.

அவருக்கு மத்தியானக் கஞ்சி கொண்டு போனவள் அக்கா. அவள் என்னைவிட ரொம்பப் பெரியவள். அவரோடு சேர்ந்து கட்டை கட்டையாகத் தாவிக்கொண்டே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வருவாள். நான் அம்மா இடுப்பில் உட்கார்ந்து ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பேன். இரண்டு முதுகும் சின்னதாகிக்கொண்டே போகும். எனக்கு நினைவு தெரிந்து முதலில் பார்த்தது அந்த இரண்டு முதுகுதான். நானும் போகணும் என்று அழுதால் அம்மா வெல்லம் கொடுப்பாள்.

அக்கா வயசுக்கு வந்ததும் லைன் பக்கம் போவது நின்றுபோனது. எனக்குக் கஞ்சி தூக்குகிற வயசு வந்தபோது அப்பா விடியும்போதே சோறு கட்டிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார். என் முறை வரவே இல்லை. அப்புறம் அம்மா போய்விட்டாள். அக்காவைத் திண்டிவனத்தில் விறகுத் தொட்டி வைத்து விறகு விற்பவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் நானும் அப்பாவும். அவர் இனி எனக்கு மட்டும் என்று அப்போது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அம்மா செத்த வீட்டில் அப்படி நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

அந்த சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. அப்பாவுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. கட்டை விரலும் பக்கத்து விரலும் மூக்குப்பொடி நசுக்குகிற மாதிரி சும்மா இருக்கும்போதே தேய்த்துக்கொண்டிருக்கும். கேங்கில் கேலி செய்தார்கள்.

"இன்னா கீமேனு, மெயில் வர்றதுக்கு முன்னாடியே உன் கை ஆடுது?"

"நேத்து சாராயம் எங்கயா? எனக்கும் சொல்லு."

குடிக்காத மனுஷன். அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். பிறகு முகம் மரம் போல ஆனது. சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா தெரியாது. பேச்சு வாய்க்குள்ளேயே நின்றது. சுத்தி நழுவிக் கால் பக்கத்தில் விழுந்த அன்று ரயில்வே டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் 'பார்க்கின்சன்' என்றார். கம்பவுண்டர் எனக்குத் தனியாக 'நடுக்கு வாதம்' என்று சொன்னார். மாத்திரை கொடுத்தார்கள். அது வாயை உலர்த்தும், சில நேரம் புத்தியைக் கலக்கும் என்றும் சொன்னார்கள்.

கிளம்பும்போது டாக்டர் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"மாத்திர பாதிதாம்மா. தெனமும் எக்சர்சைஸ் பண்ணணும். கைய வீசணும், ஒக்காந்து எழுந்திரிக்கணும், சத்தமா பேசணும், நடக்கணும். இன்னிக்கி வேணாம்னு வுட்டுட்டா, வுட்டதுதான். படுக்க வுடாத."

என்னிடம் சொன்னாரே என்று எனக்குப் பெருமை. வேலையை விட்டுக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டுக்கு வந்தோம். ஓட்டல்களுக்கு இலை தைத்துக் கொடுத்து நான் பிழைப்பைப் பார்த்தேன். காலையில் இலை தைக்க உட்காரும் முன்னால் எக்சர்சைஸ். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்திருப்பார். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்த் தட்டுவார். சத்தமாகப் பேச ஒன்றும் இல்லாததால் ஸ்டேஷன் பேர் சொல்லச் சொன்னேன்.

"விழுப்புரம். முண்டியம்பாக்கம். விக்கிரவாண்டி. பேரணி. மயிலம். திண்டிவனம்."

கடைசிப் பேருக்கு மட்டும் குரல் நன்றாக எழும்பும். எனக்கு அப்படித்தான் கேட்டது. அங்கேதானே அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். 'அடுத்த ஸ்டேஷனும் சொல்லுப்பா' என்று விரட்டுவேன்.

இதெல்லாம் செய்வார். நடப்பதுதான் நடக்கவில்லை. எழுந்து நிற்பார். அடி எடுத்து வைக்கிற நேரத்தில் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நான் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துப் பின்பக்கமாக நடந்து இழுப்பேன். உடம்பு வரும், கால் வராது. தடுக்கி விழப் போகிறார் என்ற பயத்தில் வழியில் ஒரு துரும்பு இல்லாமல் எடுத்து வைத்தேன். முறம், குடம், உரல் எல்லாம் மூலைக்குப் போயின. சாணி போட்டு மேடு பள்ளம் இல்லாமல் மெழுகினேன். கேட்டுக்காரர் பெண்சாதி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாடி, தரையில மொகம் பாத்துத் தல வாரலாம் போல வெச்சிருக்க. வூடா இது, கல்யாண சத்திரமா?"

"அப்பா தடுக்கி வுழக் கூடாதுக்கா."

"அவரு நடந்தாத்தானடி தடுக்கறதுக்கு."

அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அப்பாவைத்தான் திட்டினேன். "மனசு வெச்சா வரும்பா. நீ மனசு வெக்கல." அவர் காலைப் பார்த்துக்கொண்டே, "நான் இன்னா பண்ணட்டும் சின்னவளே, அது கேக்க மாட்டேங்குது" என்றார். ஏதோ அடுத்த வீட்டு மாட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

ஆடி மாசத்தில் அக்கா வந்தாள். கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்று அத்தானோடு சேர்ந்து தாங்கிப் பிடித்து ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். நான் மறுநாளே வீட்டை மறுபடி மெழுகினேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

அவருக்குப் பிடித்த கேப்பைக் கூழைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பாசஞ்சரில் பார்க்கப் போனேன். கரண்ட்டு ரயிலுக்காக லைன் ஓரம் கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலம். திண்டிவனத்தில் இறங்கி அக்கா வீட்டு வெளிக்கதவைத் தள்ளினேன்.

அக்கா வீட்டு வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெருக்குவது வாரத்துக்கு ஒரு தரம் இருந்தால் அதிகம். தொட்டியிலிருந்து வந்த சவுக்குக் கழிகள் காய்வதற்காக வாசல் நெடுக வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடம் விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். அந்த வரிசை நெடுக அப்பா நடந்து வந்துகொண்டிருந்தார்.

யாரும் பிடிக்கவில்லை. காலைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு கழியாகத் தாண்டி வைத்தார். இடது கை வீசிக்கொண்டிருந்தது. முதுகுகூட நிமிர்ந்திருந்தது. அவருக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு அக்கா, அதே அடியில், மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே வந்தாள். பழைய இரண்டு முதுகும் ஞாபகம் வந்தது. இப்போது அவை முகம் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து வந்தன.

சந்தோஷப்பட வேண்டிய இடம். என் வயிறு எரிந்தது.

"வாடி" என்றாள் அக்கா. "பாத்தியா உங்கப்பாவ?"

"எப்படிக்கா?"

"நான் இன்னாத்த பண்ணேன். காயட்டும்னு நான் போட்ட கழிய எடுத்து அடுக்கச் சொல்லி உங்க அத்தான் கத்திக்கினே இருந்தாரு. எனக்கு சோம்பேறித்தனம். அப்பா வெளிய போவணும்னு எழுந்தாரு, கழியப் பாத்தாரு, நடந்துட்டாரு. தெனம் காலையில சாயந்தரம் ரெண்டு வேளையும் இதான் இப்ப."

ஒன்றும் செய்யாமல் நடக்க வைத்தாள் என்பதுதான் என்னைக் குத்தியது. நான் மெழுகி மெழுகிக் கை வெடித்துக் கிடந்தேன். இவள் பெருக்காமல் இருந்ததற்குப் பலன்.

அப்பா கடைசிக் கழியைத் தாண்டினார். அதற்கு அப்பால் வெறும் மண். அங்கே வந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

சாப்பிடும்போது அக்கா சொன்னாள், "இங்கயே இருக்கட்டும்டி. அங்க போனா மறுபடியும் படுத்துக்குவாரு. உனக்கும் வேல கொறையும்."

"எனக்கு வேல அதிகம்னு நான் சொன்னேனா?"

"அதுக்குச் சொல்லல. இங்க நடக்கறாரு இல்ல?"

"அங்கயும் நடப்பாரு."

"நடந்தாரா?"

அவர் இங்கே தங்கிவிட்டால் எனக்கு அந்த வீட்டில் ஆள் யார்? யாருக்குக் கூழ் காய்ச்சுவேன்? அப்பா முகத்தைப் பார்த்தேன், அது மரமாக இருந்தது. "ஒரு மாசம் குடு. அதுக்குள்ள நடக்கலன்னா நானே கொண்டாந்து வுட்டுடறேன்" என்று அக்காவிடம் சொன்னேன். கொண்டுபோன கூழை யாரும் தொடவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது தூக்கில் புளித்து நுரைத்துக் கிடந்தது.

ஒரு மாசம் என்று வாயை விட்டுவிட்டேனே தவிர, அக்காவைப் போலச் செய்ய மனசு வரவில்லை. கழி போட்டால் அவள் வித்தை ஆகிவிடும். யோசித்து, வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கோலமாவால் கோடு கோடாக இழுத்தேன். வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. அப்பாவைக் கூட்டி வந்து நிறுத்தினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போப்பா. தாண்டித் தாண்டிப் போ."

"கோலத்து மேல எப்படி காலு வெக்கறது?"

"இது கோலம் இல்லப்பா, கோடு."

"மாவுல போட்டிருக்கியே."

அடி எடுக்க முயன்றார். கால் கோட்டுக்கு மேலே போகாமல் பக்கத்தில் ஒதுங்க இடம் தேடியது. வாழ்நாள் முழுக்கக் கோலத்தை மிதிக்காத கால். இரண்டு ஓரத்திலும் சுவர், ஒதுங்க வழி இல்லை. கடைசியில் என் தோளில் சாய்ந்துவிட்டார். நான் அழுதுகொண்டே மாவைப் பெருக்கினேன்.

அப்புறம் வீம்பை விட்டுக் கேட்டுக்காரர் வீட்டில் விறகுக் கழி கேட்டு வாங்கிப் போட்டேன். அதிலும் நடக்கவில்லை. நான் போட்டது என் காலடிக்கு. அப்பா ஒரு கழியைத் தாண்டினால் அடுத்த கழி பாதத்துக்குக் கீழேயே இருந்தது.

"இன்னா இது, நண்டு போற வழியா?" என்றார் வாய்க்குள். முகம் சிரிக்கவில்லை. கேலி பண்ணுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அக்காவுக்குத் தெரியும், அப்பா நடந்த லைன் கட்டை அளவு. அவள் கால் அதில் தாவித் தாவி வளர்ந்த கால். சோம்பேறித்தனமாகக் கழியை எறிந்தாலும் அந்த அளவில்தான் அவள் கையிலிருந்து விழும். கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்கப் பிடிக்கவில்லை. ஒரு காலையில் புடவைக் கிழிசலை முறுக்கிக் கயிறாக எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி லைனுக்கே போனேன். வயசுக்கு வந்த பெண் அங்கே போகக் கூடாது என்று யாரும் சொல்வதற்குள் குனிந்து கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அளந்து முடிச்சுப் போட்டேன். தூரத்தில் வேலை செய்த கேங்கு ஆட்கள் பார்த்துவிட்டார்கள்.

"யாரு பாப்பா அது? தண்டவாளத்துக்குப் பாவாட தெக்கப் போறியா?"

"டேய், அது நம்ம கீமேனு பொண்ணுடா. சும்மா இரு."

"அப்படியா. அப்ப கீமேனுக்கு ஒரு ஜோடி சேத்துத் தெச்சிடு பாப்பா. ஜல்தியா போ, பாசஞ்சர் வர்ற நேரம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நாலைந்து கட்டை மேல் நடந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என் காலுக்கு எட்டி எட்டி வைக்க வேண்டியிருந்தது.

அந்த முடிச்சு அளவுக்குச் சந்து நெடுகக் கழி போட்டேன். அப்பாவை நிறுத்தினேன். இந்த முறை முன்னால் போய்க் கையைப் பிடித்து இழுக்காமல் பின்னால் நின்றேன். அவர் குனிந்து பார்த்தார். முதல் கழியைத் தாண்டினார். அடுத்தது. அதற்கடுத்தது. ஏதோ உள்ளே சாவி கொடுத்தது மாதிரி போய்க்கொண்டே இருந்தார். நான் எட்டி எட்டி வைத்துப் பின்னாலேயே போனேன். எத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்டது. அப்போது அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"பெரிசு, பின்னாடி வர்றியா?"

நின்றுவிட்டேன். அவரும் நின்றார். பின்னால் என் காலடிச் சத்தம் வராததால் அடுத்த அடி எடுக்கவில்லை. மாத்திரை புத்தியைக் கலக்கும் என்று கம்பவுண்டர் சொன்னது ஞாபகம் வந்தது. 'நான் சின்னவப்பா' என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் கால் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயந்தேன்.

"வர்றேம்பா" என்றேன்.

நடந்தார். கோடிக்குப் போய்ச் சேரும்போது இன்னொன்றும் கேட்டார். "சின்னவளுக்குக் கஞ்சி குடுத்துட்டு வந்தியா? அழுதுக்கினு நிக்கப் போறா கேட்டுல."

"குடுத்துட்டேம்பா" என்றேன்.

அன்று முதல் தினமும் நடந்தார். மழை பெய்தால் கழிகளை உள்ளே கொண்டுவந்து போடுவேன். நான் மெழுகி வைத்த தரை பாழானது, கேட்டுக்காரர் பெண்சாதிக்குச் சிரிப்பு. ஸ்டேஷன் பேர்களையும் நடந்துகொண்டே சொன்னார். அக்காவுக்கு ஒரு மாசம் கழித்து ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினேன், நடக்கிறார் என்று. கழி என்று சொல்லவில்லை. கழி மேல் நடக்கிற நேரமெல்லாம் நான் பெரிசு. இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்ததும், "சின்னவளே, தண்ணி குடு" என்பார். என்னை வைத்தே என் அக்காவோடு நடந்தார். எனக்கு அவள் மேல் எரிச்சல், என் வாயால் நானே அவளாகப் பதில் சொன்னதிலும் எரிச்சல். ஆனால் ஒரு நாளும் விடவில்லை.

போன மார்கழிக் குளிரில் சளி கட்டி ஜுரம் வந்தது. படுக்க விடாதே என்றார் டாக்டர், நான் விடத்தான் வேண்டியிருந்தது. படுத்த இடத்திலும் போர்வைக்குள் பாதம் மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தது. தை பிறந்து கொஞ்ச நாளில் அது நின்றது.

காரியத்தன்று பேசினவர்களுக்கு இவ்வளவும் எங்கே தெரியும். வந்தவர்கள் போன பிறகு பெரியம்மா பக்கத்துச் சந்துக்குள் எட்டிப் பார்த்து, "இந்தக் கழியெல்லாம் எடுத்து அடுப்புல வையுங்கடி. சாவு வூட்டுல யாராவது தடுக்கி வுழறதுக்கா?" என்றாள். நானும் அக்காவும் எடுக்கப் போனோம். அக்கா ஒன்றை எடுத்தாள், அடுத்ததைப் பார்த்தாள், நடுவில் இருக்கும் இடத்தைக் காலால் அளந்தாள்.

"லைன் அளவு போட்டிருக்க. ஆரு சொன்னா?"

"நானே போயி அளந்தேன்."

கையிலிருந்த கழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்கிட்ட ஒன்னு சொல்லல நான். எங்க வூட்டுல நடக்கும்போது ஸ்டேஷன் பேரு சொல்லிக்கினே நடப்பாரு. திண்டிவனம், மயிலம், பேரணின்னு போயி விழுப்புரத்துல நின்னுடுவாரு."

"அந்தப் பக்கத்துலேருந்து சொன்னா அப்படித்தான் முடியும்."

"முடியும். அப்புறம் ஏண்டி, 'நடக்கறேன் இல்ல, டிக்கெட்டு எடுத்துக் குடு, சின்னவ தனியா இருக்கா'ன்னு தெனமும் என்ன நச்சரிச்சாரு? எனக்கு எரிஞ்சிது. இங்கயே இருக்கட்டும்னு நான் சொன்னது அதனாலதான்."

அது நிஜமா, நான் அழுதுகொண்டிருந்ததால் ஆறுதலுக்குச் சொன்னாளா, தெரியவில்லை. நிஜமாக இருந்தாலும் அதை அவர் வாயால் கேட்டவள் அவள். அதிலும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அவள் கையிலிருந்த கழியை வாங்கி, இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.

இதைப் படிக்கிற நீங்கள் விளக்கேற்றும்போது எங்கள் கீமேனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். வழி சுத்தமாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கட்டும் என்று மட்டும் வேண்டாதீர்கள், அவர் நின்றுவிடுவார். போகிற வழியெல்லாம் குறுக்கே கட்டை கிடக்கட்டும், லைன் அளவுக்கு. பின்னாடி யாராவது வருகிறார்களா என்று கேட்டால், சின்னவள் வருகிறாள் என்று சாமி சொல்லட்டும்.